பூமத்திய ரேகை மேல நகர்ற மழையைப் பத்தியும் எழுதுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க பேப்பர்ல வர்ற வானிலை செய்தியை விடாம படிக்கிறவன் நான். அதுல ரெண்டு வகை இருக்கு. அடுத்த ரெண்டு மூணு நாள் எங்க மழை எங்க வெயில்னு வர்ற அறிக்கை ஒண்ணு, இந்த வருஷம் எல் நினோவா (பசிபிக் கடல் வழக்கத்தை விட சூடாகுறது) லா நினாவா (குளிருறது), பருவமழை கூடவா குறைச்சலான்னு சீசனுக்கு ஒரு தடவை வர்ற பெரிய கட்டுரை இன்னொண்ணு. ரெண்டும் வேணும், அதுல எனக்கு குறை எதுவும் இல்ல. ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய காலி இடம் கிடக்கு. அடுத்த ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம் வரைக்கும் மழை எந்தப் பக்கம் சாயும்ங்கற கேள்விக்கு பேப்பர்ல பதிலே வர்றதில்ல. அந்த பதில்ல ரொம்ப பெரிய பங்கு பூமத்திய ரேகை மேல தான் இருக்கு. அங்க மழை மேகம் நின்ன இடத்துலயே நின்னு பெய்யுறது இல்ல, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு கூட்டம் சேந்து கிழக்க நோக்கி நகருது, வேற சில அலைகள் அதே நேரத்துல மேற்க நோக்கி நகருது, இது ரெண்டும் எங்க இருக்குன்னு தெரிஞ்சா நாம இருக்குற கடல்ல புயல் உருவாக வாய்ப்பு கூடுதா குறையுதா, பருவமழை சூடு பிடிக்குமா படுத்துக்குமான்னு ஓரளவுக்கு முன்னாடியே சொல்லிட முடியும். இதைப் பத்தி தமிழ்ல தொடர்ந்து எழுதுங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

"திடீரென பருவமழை தீவிரம்", "திடீரென ஓய்ந்தது மழை"ன்னு தலைப்பு போடுறீங்க. படிக்கிறவங்களுக்கு அது திடீர் தான், சந்தேகமே இல்ல. ஆனா சேட்டிலைட் படத்தை தினமும் பாக்குறவங்களுக்கு அது பல சமயம் திடீர் கிடையாது. பத்து பதினஞ்சு நாள் முன்னாடியே ஆப்பிரிக்காவுக்கு கிழக்க, இந்தியப் பெருங்கடலோட மேற்கு ஓரத்துல மேகம் கூட ஆரம்பிச்சதை அவங்க பாத்திருப்பாங்க, அது நாளுக்கு நாள் கிழக்க தள்ளி தள்ளி வர்றதையும் பாத்திருப்பாங்க. அவ்வளவு பெரிய விஷயம் நம்ம தலைக்கு மேல வந்து நிக்கிற வரைக்கும் நமக்கு யாருமே சொல்லலன்னா அது தகவல் இல்லாததால இல்ல, இருக்குற தகவலை யாரும் நம்ம பேச்சுல எடுத்து சொல்லாததால தான்.

இந்த நகர்வுகள்ல பெருசு மேடன்-ஜூலியன் அலைவு. வானிலை ஆர்வலர்கள் சுருக்கமா எம்ஜேஓன்னு சொல்லுவாங்க. ரோலண்ட் மேடன், பால் ஜூலியன்னு ரெண்டு பேர், அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் போல்டர்ல இருக்குற தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையத்துல வேலை பாத்தவங்க. பசிபிக் நடுவுல, பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி தெக்க கேன்டன் தீவுன்னு ஒரு சின்ன பவளத்தீவு, அங்க 1957ல இருந்து 1967 வரைக்கும் தினமும் பலூன் விட்டு காத்தோட திசை, வேகம், அழுத்தம்னு எடுத்து வச்ச டேட்டா கிட்டத்தட்ட பத்து வருஷத்துக்கு இருந்துச்சு, அதை எடுத்து எந்தெந்த இடைவெளியில எது திரும்பத் திரும்ப வருதுன்னு கம்ப்யூட்டர்ல பிரிச்சு பாத்தாங்க. 40லருந்து 50 நாளுக்கு ஒரு தடவை காத்து திசை ஆடுது, கீழ ஒரு பக்கம் பலமா வீசுறப்போ மேல பத்து பதினஞ்சு கிலோமீட்டர் உயரத்துல நேர் எதிர்ப்பக்கம் வீசுது, தரையில அழுத்தமும் அதோட சேந்தே ஏறி இறங்குது. 1971ல இதை வெளியிட்டாங்க. 1972ல வெப்பமண்டலத்துல இருக்குற மத்த ஸ்டேஷன் டேட்டாவையும் சேத்து வச்சு பாத்துட்டு, இது ஒரு தீவோட சமாச்சாரம் இல்ல, பூமியையே கிழக்கு முகமா சுத்துற ஒண்ணுன்னு காட்டுனாங்க. உலகம் முழுக்க மேகத்தை அளக்குற சேட்டிலைட் பதிவு தொடர்ச்சியா கிடைக்க ஆரம்பிச்சதே 1974ல தான், அதுக்கு முன்னாடியே வெறும் பலூன் கணக்கை வச்சு இவ்வளவு தூரம் கண்டுபிடிச்சாங்கங்கறது எனக்கு எப்பவும் ஆச்சரியம். இன்னொரு விஷயமும் சொல்லணும், 1963லயே சீன ஆராய்ச்சியாளர்கள் அவங்க மொழி இதழ்ல இதே மாதிரி 40 நாள் சொச்ச அலைவைப் பத்தி எழுதியிருக்காங்க, வெளி உலகத்துக்கு அது சரியா தெரிய வந்தது 2018ல அமெரிக்க வானிலை சங்கத்தோட இதழ்ல அதைப் பத்தி கட்டுரை வந்தப்போ தான்.

எம்ஜேஓ நகர்ற வேகம் நொடிக்கு சுமார் 5 மீட்டர். ஒரு நாளைக்கு 430 கிலோமீட்டர் மாதிரி வருது. பூமத்திய ரேகையோட சுற்றளவு 40,075 கிலோமீட்டர், இதே வேகத்துல முழுசா சுத்தணும்னா 90 நாளுக்கு மேல ஆகணும் இல்லையா, ஆனா 30லருந்து 60 நாளுக்குள்ள மறுபடி இந்தியப் பெருங்கடல்ல தலை காட்டிடுது. காரணம் என்னன்னா அது பூமி முழுக்க ஒரே வேகத்துல போறது இல்ல. இந்தியப் பெருங்கடல்ல இருந்து மேற்கு பசிபிக் வரைக்கும் கடல் நல்லா சூடா இருக்கும், அங்க மேகத்தையும் மழையையும் சுமந்துக்கிட்டு மெதுவா தான் போகும். பசிபிக் நடுவுல இருக்குற சர்வதேச தேதிக்கோட்டை தாண்டுனா கடல் குளிர ஆரம்பிக்கும், மேகம் தாக்கு பிடிக்காது, அங்க இருந்து வெறும் காத்தோட அலையா, பெரும்பாலும் மேல் வளிமண்டலத்துல, பல மடங்கு வேகத்துல அமெரிக்காவையும் அட்லாண்டிக்கையும் ஆப்பிரிக்காவையும் கடந்து வந்துடும்.

அது ஒரு இடத்தை கடக்குறப்போ என்னென்ன நடக்குதுன்னு பாத்தா இன்னும் நல்லா புரியும். முதல்ல மழை வர்றதுக்கு முன்னாடி அங்க வானம் தெளிவா இருக்கும், காத்து கிழக்குல இருந்து லேசா வரும், வெயில் நேரா கடல் மேல விழுந்து மேல்தண்ணி சூடாகும். அப்புறம் சின்ன சின்ன மேகம் கிளம்பும், அது பெருசா மழை பெய்யாது, ஆனா ஈரத்தை கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்தி வைக்கும். பல நாள் இப்படி ஈரம் ஏறி ஏறி, நாலு அஞ்சு கிலோமீட்டர் உயரத்துல இருந்த காஞ்ச காத்து கூட நனைஞ்ச பிறகு தான் உயரமான இடிமேகம் வளரும், ஏன்னா காஞ்ச காத்துக்குள்ள ஏறுற மேகம் அதோட கலந்து பாதி வழியிலயே கரைஞ்சிடும். பெருமழை பெஞ்சு முடிஞ்சதும் பின்னாடி மேற்குக் காத்து பலமா அடிக்கும், கடலைக் கலக்கி விடும், மேகம் மறைச்சதால வெயிலும் இல்ல, கடல் குளிர்ந்து போகும். மறுபடி தெளிவான வானம், மறுபடி கடல் சூடாகுறது. இதை நேர்ல நின்னு அளக்கணும்னே 2011 அக்டோபர்ல இருந்து 2012 மார்ச் வரைக்கும் பல நாட்டு விஞ்ஞானிகள் சேந்து டைனமோன்னு ஒரு பெரிய ஆய்வு நடத்துனாங்க, மாலத்தீவோட தெற்கு முனையில இருக்குற அட்டு பவளத்தீவுல ரேடார் வச்சு, இந்தியப் பெருங்கடல் நடுவுல இருக்குற டியாகோ கார்சியா தீவுல பலூன் விட்டு, நடுக்கடல்ல கப்பல்களை நிறுத்தி. அந்த அக்டோபர்லயும் நவம்பர்லயும் எம்ஜேஓ அவங்க தலைக்கு மேலயே கடந்து போச்சு, ஈரம் எப்படி படிப்படியா ஏறுதுன்னு அவ்வளவு நெருக்கமா அளக்க முடிஞ்சது அப்போ தான்.

சரி, பூமத்திய ரேகையில மட்டும் ஏன் இப்படி கோடு போட்ட மாதிரி நகருதுன்னு கேட்டா, அதுக்கு பூமி சுத்துறது தான் காரணம். பூமி சுத்துறதால ஓடுற காத்து வட பாதியில வலப்பக்கமும் தென் பாதியில இடப்பக்கமும் திரும்பும், இதுக்கு கொரியோலிஸ் விசைன்னு பேரு, பூமத்திய ரேகையில அது சரியா பூஜ்ஜியம், ரெண்டு பக்கமும் போகப் போக எதிரெதிர் திசையில கூடும். இப்போ கிழக்க போற ஒரு அலையை நினைச்சுக்கோங்க, அதோட உயர் அழுத்தப் பகுதியில காத்தும் கிழக்க தான் வீசும். வட பாதியில அது வலப்பக்கம் திரும்பணும், கிழக்க பாத்து போறவனுக்கு வலப்பக்கம் தெற்கு, அதாவது பூமத்திய ரேகை. தென் பாதியில இடப்பக்கம் திரும்பணும், அது வடக்கு, அங்கயும் பூமத்திய ரேகை தான். ரெண்டு பக்கமும் உள்ள தள்ளுற தள்ளு அழுத்தம் வெளிய தள்ளுற தள்ளோட சமமாகி நிக்குறதால அலை சிதறாம ரேகையோட ஒட்டியே ஓடுது. இதே அலை மேற்க போகணும்னா ரெண்டு தள்ளும் வெளிப்பக்கமா போயிடும், அலை நிக்காது. அதனால தான் கெல்வின் அலைங்கற இது கிழக்க மட்டும் போகுது, 19ஆம் நூற்றாண்டுல கடற்கரையை ஒட்டி ஓடுற அலைகளைப் பத்தி லார்ட் கெல்வின் போட்ட கணக்கு அது, பூமத்திய ரேகை இங்க அந்த கரையோட வேலையை பாக்குது.

மேற்க போறதுக்கு ராஸ்பி அலைகள் இருக்கு. அது ரேகைக்கு வடக்க ஒண்ணு தெக்க ஒண்ணுன்னு ஜோடி சுழலா வரும், மெதுவா நகரும். இந்த ஜோடியை சில சமயம் கண்ணாலயே பாக்கலாம். 2022 மே மாசம் வங்கக்கடல்ல அசானி புயல் இருந்தப்போ அதே சமயத்துல ரேகைக்கு தெக்க இந்தியப் பெருங்கடல்ல கரீம்னு ஒரு புயல் எதிர்ப்பக்கமா சுத்திக்கிட்டு இருந்துச்சு. 2019ல ஃபானி புயல் வந்தப்பவும் தெக்க லோர்னா இருந்துச்சு. நடுவுல மேற்குக் காத்து பலமா அடிச்சா ரேகையோட ரெண்டு பக்கமும் சுழல் பிறக்க வசதி ஆகுது, வடக்க இடஞ்சுழி தெக்க வலஞ்சுழி. ஃபானி பத்தியும் அசானி பத்தியும் பக்கம் பக்கமா எழுதுனீங்க, அந்த தெக்கத்தி ஜோடியைப் பத்தியும் சேத்து எழுதியிருந்தா புயல் எங்க இருந்து முளைக்குதுன்னு நிறைய பேருக்கு அன்னைக்கே புரிஞ்சிருக்கும்.

இந்த அலைகளுக்கெல்லாம் ஒரே கணக்குல விடை கொடுத்தவர் ஜப்பான்காரர் டாரோ மட்சுனோ, 1966ல. மழை, மேகம் எதுவும் இல்லாம, ஒரு மெல்லிய தண்ணி அடுக்கு பூமத்திய ரேகை மேல கிடந்தா அதுல என்னென்ன அலை ஓட முடியும்னு பேப்பர்லயே கணக்கு போட்டார், கெல்வின், ராஸ்பி, ரெண்டும் கலந்த இன்னொரு வகைன்னு எல்லாம் அதுல வந்துச்சு. அதே 1966ல யனாய், மருயாமான்னு ரெண்டு ஜப்பானியர்கள் பலூன் டேட்டாவுல அந்த கலப்பு அலையை மேல் வளிமண்டலத்துல நிஜமாவே கண்டுபிடிச்சாங்க, 1968ல வாலஸ், கௌஸ்கி கெல்வின் அலையை கண்டுபிடிச்சாங்க. 1980ல ஏட்ரியன் கில், ஒரு இடத்துல மழை பெஞ்சு வளிமண்டலம் சூடானா அதுக்கு கிழக்க கெல்வின் அலையும் மேற்க ராஸ்பி ஜோடியும் எப்படி பரவும்னு காட்டுனார், எம்ஜேஓவுக்கு முன்னாடி கிழக்குக் காத்தும் பின்னாடி மேற்குக் காத்தும் ஏன் இருக்குன்னு புரிஞ்சுக்க இன்னைக்கும் அந்த படத்துல இருந்து தான் ஆரம்பிக்கிறாங்க. அப்புறம் 1999ல மேத்யூ வீலர், ஜார்ஜ் கிலாடிஸ் ரெண்டு பேரும் பல வருஷ சேட்டிலைட் மேகப் பதிவை எடுத்து, எவ்வளவு அகலமான அலை எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருதுன்னு ஒரு வரைபடத்துல போட்டு பாத்தா, மட்சுனோ 33 வருஷம் முன்னாடி தண்ணி அடுக்குக்கு போட்ட கோடுகள் மேலயே நிஜ மழை மேகம் வந்து உக்காந்திருக்கு. வேகம் தான் குறைச்சல், மழை சேந்த கெல்வின் அலை நொடிக்கு 15லருந்து 20 மீட்டர் தான் போகுது, மழை இல்லாத அலை அதைவிட ரொம்ப வேகம், ஏன்னா மேல ஏறுற காத்து குளிரணும், ஆனா நீராவி மழையா மாறுறப்போ வர்ற வெப்பம் அந்த குளிர்ச்சியை பெரும்பகுதி ஈடு கட்டிடுது, அலையைத் தள்ளுற விசை குறைஞ்சு போகுது.

ஆனா அதே படத்துல ஒரு பெரிய புள்ளி மட்டும் எந்த கோட்டுலயும் உக்காரல. அது தான் எம்ஜேஓ. கெல்வின் அலையை விட ரொம்ப மெதுவு, ராஸ்பி மாதிரி மேற்கயும் போகல. கண்டுபிடிச்சு 50 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஏன் கிழக்க போகுது, ஏன் இந்த வேகம், ஏன் இந்த அகலம்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே விடை இன்னும் இல்ல. ஈரம் தான் அதோட உயிர், முன்னாடி ஈரம் சேருது பின்னாடி காயுது அதனால மொத்தமும் முன்னாடி நகருதுன்னு ஒரு கூட்டம் சொல்லுது, தரைக்கு பக்கத்துல உராய்வால காத்து குவியறது தான் இழுத்துட்டு போகுதுன்னு இன்னொரு கூட்டம். என்னைக் கேட்டா ஈரம் பத்தின விளக்கம் தான் பலமா இருக்கு, டைனமோவுல அளந்ததும் அந்தப் பக்கம் தான் சாயுது.

இன்னொரு விஷயம் இருக்கு, முதல் தடவை கேக்குறவங்க நம்பவே மாட்டாங்க. 1988ல நகாசவாங்கற ஜப்பான் விஞ்ஞானி அவங்க நாட்டு சேட்டிலைட் படங்களை மணிக்கணக்கா அடுக்கி பாத்தப்போ, எம்ஜேஓவோட பெரிய மேகக் கூட்டம் கிழக்க போயிட்டு இருக்கு, ஆனா அதுக்குள்ள இருக்குற தனித்தனி மேகத் திரள்கள் மேற்க போகுது. ஒவ்வொரு திரளும் ரெண்டு நாள் மாதிரி தான் உயிரோட இருக்கும், மேற்க நகர்ந்து செத்துடும், புதுசு அதுக்கு கிழக்க பிறக்கும், மொத்தமா பாத்தா கூட்டம் கிழக்க போற மாதிரி இருக்கும். ரோட்ல டிராஃபிக் ஜாம் ஆனா வண்டி ஒவ்வொண்ணும் முன்னாடி போயிட்டே இருக்கும், ஜாம் மட்டும் பின்னாடி நகர்ந்துட்டே போகும்ல, அதே தான். அதனால ஒரு நாள் படத்துல ஒரு மேகம் போற திசையை வச்சு "மழை இந்தப் பக்கம் போகுது"ன்னு சொல்றது எவ்வளவு தப்பா போக முடியும்னு பாருங்க. ஒரு நாள் செய்தியும் மூணு வார செய்தியும் ஒண்ணுக்கொண்ணு எதிரா இருந்தாலும் ரெண்டுமே சரியா இருக்கலாம்.

எம்ஜேஓ போற வழியில அதுக்கு பெரிய தடை ஒண்ணு இருக்கு, சுமத்ரா, போர்னியோ, ஜாவா, நியூகினின்னு இருக்குற தீவுக் கூட்டம். 1968ல ராமேஜ்ங்கற வானிலை விஞ்ஞானி இதுக்கு கடல்சார் கண்டம்னு பேர் வச்சார். அங்க உயரமான மலைகள், தினமும் மத்தியானத்துக்கு மேல தீவுக்கு மேல இடி மழை, ராத்திரி அது கடலுக்கு நகரும். எம்ஜேஓ கடல்ல சேத்துக்கிட்டு வந்த ஒழுங்கு இந்த தினசரி ஆட்டத்துல உடைஞ்சு போயிடுது, நிறைய தடவை அங்கயே செத்துடும், பல கம்ப்யூட்டர் மாடல் தாண்ட வேண்டியதையும் அங்க சாகடிச்சிடும். தாண்டி போறப்போ அது பெரும்பாலும் தீவுகளை விட்டு அவற்றுக்கு நடுவுல, தெக்க இருக்குற கடல் வழியா வளைஞ்சு போகும். ரெண்டு மூணு வார முன்னறிவிப்பு சொதப்புற இடங்கள்ல இது முக்கியமானது.

நமக்கு நேரா ஒட்டுற பகுதி தென்மேற்கு பருவமழை நேரத்துல வர்ற அலைவு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் இந்த அலைவு கிழக்க போறதோட நிக்காம இந்தியப் பெருங்கடல்ல இருந்து வடக்கயும் ஏறும், ஒரு நாளைக்கு ஒரு டிகிரி அட்சரேகை மாதிரி. 1979ல ஜப்பான் விஞ்ஞானி யசுனாரி, 1980ல நம்ம நாட்டு விஞ்ஞானிகள் டி.ஆர். சிக்கா, சுலோச்சனா காட்கில் ரெண்டு பேரும் சேட்டிலைட் படத்துல மேகப் பட்டை பூமத்திய ரேகையில கிளம்பி வடக்க நகர்ந்து வர்றதை காட்டுனாங்க. பருவமழை ரெண்டு வாரம் கொட்டுது, அப்புறம் ரெண்டு வாரம் காணாம போகுதுன்னு நாம பாக்குற ஏத்த இறக்கத்துல பெரும்பங்கு இந்த பட்டைகள் வர்றதும் போறதும் தான். 2002 ஜூலையில நாடு முழுக்க மழை வழக்கத்துல ஏறக்குறைய பாதி தான் பெஞ்சுது, எல் நினோ இருந்துச்சு தான், ஆனா ஒரே மாசத்துல அவ்வளவு பெரிய பள்ளம் விழுந்ததுக்கு இந்த அலைவும் முக்கிய காரணம். விதை போட்டவங்களுக்கு சீசன் சராசரியால பிரயோசனம் இல்ல, அடுத்த மூணு வாரம் மழை நிக்குமா வருமாங்கறது தான் வேணும். உங்ககிட்ட நான் இவ்வளவு வற்புறுத்துறதுக்கு காரணமே இது தான்.

எல் நினோ பத்தி நீங்க நிறைய எழுதுறீங்க, அதோட வேரும் சில சமயம் இங்க தான் போய் நிக்குது. எம்ஜேஓவுக்கு பின்னாடி மேற்கு பசிபிக்ல மேற்குக் காத்து பல நாள் தொடர்ந்து வெறி பிடிச்ச மாதிரி அடிக்கும், அது கடலுக்குள்ள ஒரு கெல்வின் அலையை கிளப்பி விடும். கடல் அலை மெதுவு, நொடிக்கு ரெண்டு மூணு மீட்டர், பசிபிக்கை கடக்க ரெண்டு மாசம் சொச்சம் ஆகும், கடந்து போய் தென் அமெரிக்க கரையில சூடு தண்ணியை தடிப்பாக்கி விடும். 1996 கடைசியிலயும் 1997 மார்ச்லயும் இப்படி காத்து அடிச்சு தான் அந்த நூற்றாண்டோட பெரிய எல் நினோக்கள்ல ஒண்ணு வேகமா வளர்ந்துச்சு. எம்ஜேஓ மட்டுமே எல் நினோவை உண்டாக்கிடாது, கடல்ல சூடு முன்னாடியே சேந்திருக்கணும். இன்னும் சொல்லப்போனா பூமி சுத்துற வேகத்தையே எம்ஜேஓ லேசா ஆட்டுது, வளிமண்டலத்துல கிழக்குப் பக்க ஓட்டம் கூடுனா பூமி அந்த அளவுக்கு மெதுவாகணும், ஒரு நாளோட நீளம் மில்லி செகண்டுல சின்ன பங்கு மாறுறது 1981லயே அளந்து காட்டப்பட்டிருக்கு.

சரி, பேப்பர்ல என்ன போடலாம்? 2004ல வீலர், ஹாரி ஹெண்டன் ரெண்டு பேரும் எம்ஜேஓ இப்போ எங்க இருக்குன்னு ஒரே வட்டத்துல காட்டுற முறை ஒண்ணு கொண்டு வந்தாங்க. வட்டத்தை சுத்தி 8 கட்டம். 2, 3 கட்டம் இந்தியப் பெருங்கடல், 4, 5 தீவுக் கூட்டம், 6, 7 மேற்கு பசிபிக், 8, 1 அமெரிக்கா ஆப்பிரிக்கா பக்கம். நடுவுல 1ங்கற அளவுல ஒரு சின்ன வட்டம், புள்ளி அதுக்குள்ள இருந்தா எம்ஜேஓ பலவீனம், வெளிய போகப் போக பலம். ஆஸ்திரேலிய வானிலை மையம் இந்த படத்தை தொடர்ந்து வெளியிடுது, யார் வேணா பாக்கலாம். இந்திய வானிலை ஆய்வு மையமும் வாரா வாரம் வியாழக்கிழமை நாலு வாரத்துக்கான நீட்டிக்கப்பட்ட முன்னறிவிப்பை வெளியிடுது, அதுல எம்ஜேஓ எந்த கட்டத்துல இருக்கு, எங்க போகும்னு எழுதியே இருக்கும். இன்னைக்கு நல்ல மாடல்கள் மூணு நாலு வாரம் முன்னாடி வரைக்கும் இதை ஓரளவுக்கு பிடிச்சிடுது. அறிக்கை இங்கிலீஷ்ல, துறைப் பேச்சுல இருக்கறதால தான் பெரும்பாலான வாசகருக்கு எட்டாம போகுது. வெள்ளிக்கிழமை பேப்பர்ல ஒரு சின்ன பெட்டி போதும். இந்த வாரம் எங்க இருக்கு, பலமா பலவீனமா, அடுத்த ரெண்டு வாரத்துல எந்தப் பக்கம் போகும்னு மாடல்கள் சொல்லுது, அதனால வங்கக்கடல், அரபிக்கடல்ல மழைக்கும் புயலுக்கும் வாய்ப்பு கூடுதா குறையுதா. ஒரு உலக மேப், அதுல பூமத்திய ரேகை மேல ஒரு வட்டம், போன வாரம் இருந்த இடத்துல இன்னொரு மங்கலான வட்டம். அவ்வளவு தான்.

ஒரு எச்சரிக்கையும் சேத்து போடுங்க, இது ரொம்ப முக்கியம். சோசியல் மீடியாவுல "எம்ஜேஓ வந்துடுச்சு, வெள்ளம் உறுதி"ன்னு ஷேர் பண்றதை நிறைய பாக்குறேன். அது தப்பு, அதை நம்பி ஜனங்க பயப்படுறதும் அப்புறம் மழை வரலன்னா மொத்த வானிலைத் துறையையும் திட்டுறதும் ரெண்டுமே கெடுதல். எம்ஜேஓ இந்தியப் பெருங்கடல்ல பலமா இருந்தா வாய்ப்பு கூடுது, அவ்வளவு தான். எந்த ஊர்ல எந்த நாள் எத்தனை சென்டிமீட்டர்ங்கறதை கடைசி மூணு நாலு நாள்ல தாழ்வு பகுதி எங்க நிக்குது, காத்து எங்க குவியுதுங்கறது தான் முடிவு பண்ணும். எம்ஜேஓ பசிபிக்ல இருக்குறப்போ கூட ஒரு ராஸ்பி அலையோ கெல்வின் அலையோ வந்து நல்ல மழை கொடுத்துட்டு போகலாம், எம்ஜேஓ நம்ம பக்கம் இருக்குறப்போ வடக்குல இருந்து காஞ்ச காத்து இறங்கி எல்லாத்தையும் கெடுக்கவும் செய்யலாம். அதனால பெட்டியில "கூடுதல் வாய்ப்பு", "குறைவான வாய்ப்பு"ங்கற வார்த்தைகளுக்கு மேல போக வேண்டாம், தலைப்புக்காக அதை "கனமழை எச்சரிக்கை"ன்னு மாத்தவும் வேண்டாம்.

புள்ளி சின்ன வட்டத்துக்குள்ளயே சுருண்டு கிடக்குற வாரங்களும் நிறைய வரும். அப்போ எழுத ஒண்ணும் இல்லன்னு பெட்டியை தூக்கிடாதீங்க. இந்த வாரம் எம்ஜேஓ பலவீனம், அதை வச்சு ரெண்டு வாரத்துக்கு அப்புறம் மழை எப்படின்னு இப்போ சொல்ல முடியாதுன்னு அதே இடத்துல போடுங்க, அதுவும் வாசகருக்கு வேண்டிய தகவல் தான்.

அன்புடன்,
உங்க நீண்ட நாள் வாசகர்